வடிகால் அடைத்தால் வயல் மூழ்கும்: வாசகர் கேள்வி பதில்

உரம் கிடைக்கவில்லை, சாக்கு வரவில்லை, லாரி நின்றுவிட்டது என்று காவிரி டெல்டாவின் வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு குறைகளோடு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆனாலும் அவை அடியில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: எங்கோ ஏற்பட்ட தடை நம் வாசல்வரை எப்படி வருகிறது, அதைத் தாங்கி மீள நாம் என்ன செய்யலாம்? அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

*கேள்வி: உக்ரைனில் போர் நடந்தால் ஒரத்தநாட்டில் டி.ஏ.பி. ஏன் கிடைக்காமல் போகிறது? சம்பாவுக்கு அடியுரம் போட வேண்டிய நேரத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான்கு முறை நடந்தேன். "வந்ததும் சொல்கிறோம்" என்ற பதில்தான் கிடைத்தது.*
*– விவசாயி, ஒரத்தநாடு*

டி.ஏ.பி. எனப்படும் டை அமோனியம் பாஸ்பேட் உரத்தில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இருக்கின்றன. மணிச்சத்துக்கு மூலம் பாறை பாஸ்பேட். அது நம் நாட்டில் குறைவாகவே கிடைப்பதால் மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து பாறையாகவோ அமிலமாகவோ வருகிறது. தழைச்சத்துக்கு மூலமான அம்மோனியா இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. இவை போதாதென்று, தயாரித்து முடித்த உரமாகவே சவுதி அரேபியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலில் பெருமளவு இறக்குகிறோம். 2021 அக்டோபரில் சீனா தன் உர ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் எரிவாயுவின் விலை ஏறியது. ரஷ்யாவிலிருந்தும் பெலாரஸிலிருந்தும் வரவேண்டிய பொட்டாஷ் என்ற இன்னொரு உரமும் தடைப்பட்டது. ஆகவே தாங்கள் சங்கத்துக்கு நடந்த நடைக்குப் போர் மட்டும் காரணமில்லை. அதற்கு முன்பே இறுகத் தொடங்கியிருந்த கயிற்றைப் போர் மேலும் இறுக்கியது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உலகச் சந்தையில் விலை ஏறினாலும் நம் ஊரில் 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையின் விலை, மானியத்தால், 1,350 ரூபாயில் நிறுத்தி வைக்கப்பட்டது. விவசாயிக்கு இது பெரும் பாதுகாப்பு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விலையில் வெளிப்பட முடியாத தட்டுப்பாடு வரிசையாக வெளிப்படும், அலைச்சலாக வெளிப்படும், "இந்தப் பொருளையும் சேர்த்து வாங்கினால்தான் உரம்" என்று சில கடைகளில் சொல்லும் சொல்லாக வெளிப்படும். கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது கடைமடைக்குக் கடைசியில்தான் வந்து சேர்வதைப் போல, உரத்திலும் நெடுஞ்சாலைக்கும் ரயில் நிலையத்துக்கும் தொலைவில் இருக்கும் சிறிய சங்கங்களுக்கே இழப்பு அதிகம்.

மாற்று உண்டா என்றால், உண்டு. ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் இருக்கின்றன. 16 சதவீத மணிச்சத்து கொண்ட சூப்பர் பாஸ்பேட் மூன்று மூட்டையும் சுமார் 20 கிலோ யூரியாவும் சேர்ந்தால் அதே அளவு கிடைத்துவிடும். கந்தகச் சத்து கூடுதலாகக் கிடைக்கும். மூட்டைகள் அதிகம் என்பதால் வண்டிக்கூலியும் ஆள்கூலியும் கூடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயினும் இந்த மாற்றையும் முழுக் காப்பாக நம்பிவிட வேண்டாம். சூப்பர் பாஸ்பேட்டும் பாறை பாஸ்பேட்டிலிருந்துதான் தயாராகிறது. சீனா தன் கதவைச் சாத்தினால் இந்த மாற்று கைகொடுக்கும். பாறை வருவதே நின்றால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். கடை இரண்டாக இருந்தாலும் வேர் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதைப் பெரிய நிறுவனங்களே பட்டபிறகுதான் அறிந்துகொண்டன. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, உலகின் பல கார் நிறுவனங்கள் சில நிறங்களில் கார் தர இயலாமல் தவித்தன. அந்நிறுவனங்கள் வெவ்வேறு இடங்களில் வாங்கிய பளபளப்பான பெயிண்டுகளுக்கு வேண்டிய ஒரு நிறமி, ஓனஹாமா என்ற ஊரில் இருந்த ஒரே தொழிற்சாலையிலிருந்துதான் உலகம் முழுமைக்கும் போகிறது என்பதை அந்த ஆலை நின்ற பிறகே அவை தெரிந்துகொண்டன.

*கேள்வி: தட்டுப்பாடு வரும் என்ற பேச்சு கிளம்பியவுடன் வழக்கமாக ஒரு மூட்டை வாங்குபவர் மூன்று கேட்கிறார். நானும் மொத்த வியாபாரியிடம் மூன்று மடங்கு எழுதிப் போடுகிறேன். பிறகு சரக்கு வந்து குவியும்போது வாங்க ஆளில்லை. பிழை என்னுடையதா?*
*– மளிகைக் கடைக்காரர், கும்பகோணம்*

தங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள். பிழை ஒருவருடையது இல்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

சிறிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். தங்கள் கடையில் வாரம் 100 மூட்டை அரிசி விற்கிறது, கையில் எப்போதும் இரண்டு வாரச் சரக்கு வைத்துக்கொள்வது வழக்கம் என்று கொள்வோம். ஒரு வாரம் விற்பனை 110 ஆகிறது. இனி இரண்டு வாரச் சரக்கு என்றால் 220 மூட்டை. கையில் மீதம் 90 மூட்டைதான். ஆகவே 130 மூட்டைக்கு எழுதிப் போடுகிறீர்கள். மொத்த வியாபாரியின் கண்ணுக்குத் தெரிவது 130 மட்டுமே. அவரும் அதே வழக்கத்தைக் கடைப்பிடித்தால் 190 மூட்டை கேட்பார். அவருக்கு மேலே இருக்கும் ஆலைக்காரர் 370 மூட்டைக்கு நெல் தேட வேண்டியிருக்கும். வீடுகளில் கூடியது பத்தே மூட்டை. மறுவாரம் தங்கள் விற்பனை 110 ஆகவே நிலைத்தால், தாங்கள் கேட்பதும் 110 ஆகக் குறையும். மொத்த வியாபாரி கேட்பது 70 ஆகும். ஆலைக்காரருக்கோ ஒரு மூட்டைகூடப் புதிதாக வேண்டியதில்லை என்ற நிலை வந்துவிடும். ஒருவரும் பதுக்கவில்லை, ஒருவரும் ஏமாற்றவில்லை; ஆனாலும் இரண்டே வாரத்தில் பஞ்சமும் தேக்கமும் வந்துபோகின்றன.

கைப்பிடி சிறிதாக அசைந்தாலும் சாட்டையின் நுனி பெரிதாக வீசுவதால் இதைச் சாட்டை விளைவு என்று சொல்கிறார்கள். புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தைகளின் டயப்பர் விற்பனையில் இதைக் கவனித்தது. குழந்தைகள் நனைக்கும் டயப்பர் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் ஆலைக்கு வந்த ஆர்டர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தபோது அமெரிக்காவில் இருந்த நம் பிள்ளைகள் கடைகளில் வரிசை கட்டியதும் இதே கதைதான். தடை அறிவித்த அன்று அந்தக் கடைகளில் இருந்த அரிசி ஒரு மூட்டையும் குறைந்திருக்கவில்லை.

தாங்கள் செய்யக்கூடியது இரண்டு. மொத்த வியாபாரிக்கு ஆர்டர் அனுப்பும்போது அந்த வாரம் உண்மையில் எவ்வளவு விற்றது என்ற கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் தங்கள் அச்சத்தைப் பார்த்துச் சரக்கு எடுக்காமல், விற்பனையைப் பார்த்து எடுப்பார். பேச்சு கிளம்பிய நாட்களில் ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வைத்து, அதை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள். பழகிய வாடிக்கையாளர் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் வெறும் அலமாரியைப் பார்த்துத் திரும்புபவர் அதைவிட அதிகமாக அஞ்சுவார். அவர் போய்ச் சொல்லும் சொல் இன்னும் பத்துப் பேரை அழைத்து வரும்.

*கேள்வி: குறுவை நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவைத்து ஒன்பது நாள் காத்திருந்தோம். முதலில் சாக்கு இல்லை என்றார்கள், பிறகு லாரி இல்லை என்றார்கள், கடைசியில் மழை வந்தது, நெல் முளைத்தது. ஒரு சாக்குக்காக ஒரு போகம் நின்றுபோகுமா?*
*– விவசாயக் குடும்பத்துப் பெண், திருத்துறைப்பூண்டி*

அம்மா, தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நெல்லுக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும்; எங்கள் வீட்டு நெல்லும் அப்படி நனைந்திருக்கிறது.

தடை மேலிருந்து கீழே மட்டும்தான் வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உரம் வரவில்லை, தண்ணீர் வரவில்லை என்பவை அப்படிப்பட்டவை. தங்களுக்கு நேர்ந்தது கீழிருந்து மேலே ஏறிய தடை. இதை டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: கடற்கரைப் பக்கம் வடிகாலில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டால், எங்கோ மேலே இருக்கும் வயல் மூழ்குகிறது. மூழ்கிய வயலைப் பார்ப்பவருக்கு அடைப்பு எங்கே இருக்கிறதென்று தெரியாது. கொள்முதலும் அப்படித்தான். ஒரு நிலையம் நாளொன்றுக்கு 40 கிலோ மூட்டைகளில் 1,000 மூட்டை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 40 டன் நெல். அன்றன்றே லாரியில் ஏற்றி அனுப்பினால் இடம் போதும். மூன்று நாள் லாரி வராவிட்டால் 3,000 மூட்டை அடுக்கி நிற்கும். நான்காம் நாள் வாங்கிவைக்க இடமில்லை. லாரி ஏன் வரவில்லை? திறந்தவெளிக் கிடங்கில் இறக்க இடமில்லாமல் அங்கே வரிசையில் நின்றிருக்கும். கிடங்கு ஏன் நிரம்பியது? நீடாமங்கலத்திலோ மன்னார்குடியிலோ திருவாரூரிலோ வெளிமாவட்ட அரவைக்குப் போகவேண்டிய சரக்கு ரயிலுக்கு வேகன் வந்திருக்காது, அல்லது அரவை ஆலையில் ஏற்கெனவே வாங்கிய நெல் முடிந்திருக்காது. தங்களிடம் "லாரி இல்லை" என்று சொன்ன பட்டியல் எழுத்தர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்க வழியில்லை.

சாக்கின் கதை இன்னும் தொலைவிலிருந்து வருகிறது. உணவு தானியங்களைச் சணல் சாக்கில் கட்ட வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டம் வகை செய்கிறது. அந்தச் சாக்குகளை நெய்யும் ஆலைகளில் பெரும்பகுதி மேற்கு வங்கத்தில், ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் இருக்கிறது. 2020இல் ஊரடங்கால் அந்த ஆலைகள் மூடப்பட்டபோது நாடெங்கும் கொள்முதலுக்குச் சாக்குத் தட்டுப்பாடு வந்து, பிளாஸ்டிக் சாக்குகளையும் அனுமதிக்க வேண்டியதாயிற்று. மூட்டை நெல்லின் விலையோடு ஒப்பிட்டால் சாக்கின் விலை மிகச் சிறிது. ஆனால் ஒரு பொருள் நின்றால் எவ்வளவு வேலை நிற்கும் என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பே இல்லை. கணக்கு எழுதும்போது செலவு அதிகமான பொருள்களையே நாம் முதலில் கவனிக்கிறோம். ஆகையால் சாக்கு, சணல் கயிறு, தைக்கும் ஊசி, ஈரப்பதம் பார்க்கும் கருவி ஆகியவை பட்டியலின் அடியில் போய்விடுகின்றன.

இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். கதிர் அரிவாளால் அறுத்த காலத்தில் ஓர் ஊரின் அறுவடை இரண்டு மூன்று வாரம் நீளும். அரி காயும், கட்டு களத்துக்கு வரும், அடித்துத் தூற்றி நெல் வீடு வந்து சேரும்போது ஓரளவு உலர்ந்திருக்கும். இன்று அறுவடை இயந்திரம் அதே ஊரை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுகிறது. இந்தச் சங்கிலியில் அறுவடை என்ற ஒரு கண்ணியின் வேகம் பல மடங்கு கூடியது. அதற்கு அடுத்த கண்ணியான உலர்த்தலுக்கு இருந்ததெல்லாம் பழைய வெயிலும் சாலை ஓரமும்தான். இயந்திரத்திலிருந்து கொட்டும் நெல்லில் ஈரம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கொள்முதலுக்கான வரம்போ 17 சதவீதம். மழைக்காலத்தில் தளர்வு வேண்டும் என்று மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுதி, ஆய்வுக் குழு வந்து மாதிரி எடுத்துச் சென்று, ஆணை வருவதற்குள் நெல் முளைவிட்டுவிடுகிறது.

இதோடு மேட்டூரையும் சேர்த்துப் பாருங்கள். வழக்கமான ஜூன் 12இல் அணை திறந்தால், முன்னதாக நட்ட குறுவை வடகிழக்குப் பருவமழைக்கு முன் களத்தைவிட்டு வெளியேறிவிட வாய்ப்பு உண்டு. 2024இல் அணை ஜூலை 28இல்தான் திறக்கப்பட்டது. 2023இல் ஜூன் 12இல் திறந்தும், நீர் குறைந்ததால் அக்டோபர் 10இல் மூட நேர்ந்தது. திறப்பு தள்ளிப்போனால், ஆழ்துளைக் கிணறு இல்லாதவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் விதைக்கிறார்கள், ஒரே வாரத்தில் நடவாளைத் தேடுகிறார்கள், ஒரே வாரத்தில் இயந்திரம் கேட்டு, ஒரே வாரத்தில் கொள்முதல் வாசலுக்கு வந்து சேர்கிறார்கள். அந்த வாரத்தில் மழையும் வருகிறது. தொழிற்சாலையில் பத்து நாள் தாமதமானால் கூடுதல் நேரம் ஓட்டி ஈடுகட்டலாம். விதைப்புப் பட்டத்தைத் தவறவிட்ட பயிருக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆகவே எங்கே முதல் ரூபாயைச் செலவழிப்பது என்று கேட்டால், புதிய கொள்முதல் நிலையங்களைத் திறப்பதற்கு முன், இருக்கின்ற நிலையங்களின் அருகில் கூரையோடு கூடிய உலர்களமும், இரண்டு மூன்று ஊர்களுக்குப் பொதுவாக நகர்த்திக்கொள்ளக்கூடிய நெல் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும் என்பேன். வடிகாலை அகலப்படுத்தாமல் வாய்க்காலை மட்டும் அகலப்படுத்தினால் வெள்ளம்தான் கூடும். காத்திருக்கும் செலவு இப்போது யார் தலையில் விழுகிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. சங்கிலியின் எல்லாக் கண்ணிகளிலும் கூரை குறைவாக உள்ளவர் விவசாயி. தேக்கம் முழுவதும் அவருடைய தார்ப்பாயின் கீழ்தான் வந்து நிற்கிறது. இது நியாயமில்லை.

*கேள்வி: சரக்கைச் சேமித்து வைக்காமல் தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரவழைப்பது சிறந்த நிர்வாகம் என்று வகுப்பில் படித்தோம். தாங்கள் எழுதுவதைப் பார்த்தால் அது தவறு என்றாகிறதே?*
*– வணிகவியல் மாணவர், தஞ்சாவூர்*

தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த முறையைப் பெயர் பெறச் செய்த டொயோட்டாவையே பாருங்கள். 1997 பிப்ரவரி 1 அன்று, அந்நிறுவனத்துக்கு பிரேக்கில் பொருத்தும் ஒரு சிறிய வால்வை ஏறக்குறைய முழுவதுமாக வழங்கிவந்த ஐசின் நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்துபோனது. கையிருப்பு சில மணி நேரத்துக்கே இருந்தது. டொயோட்டாவின் ஆலைகள் நின்றன. ஆயினும் ஒரு வாரத்துக்குள் உற்பத்தி மீண்டும் எழுந்தது. அந்த வால்வை ஒருபோதும் செய்திராத, தையல் இயந்திரம் செய்யும் நிறுவனம் உள்படப் பலர், வரைபடத்தை வாங்கிக்கொண்டு தங்கள் பட்டறைகளில் அதைச் செய்து கொடுத்தார்கள். முதலில் விலை பேசி ஒப்பந்தம் எழுதிக்கொண்டு அவர்கள் தொடங்கவில்லை. நெடுநாள் பழக்கமே பிணையாக இருந்தது. கிடங்கு காலியாக இருந்தாலும் உறவு காலியாக இல்லை என்று இதைச் சொல்லலாம்.

அதே நிறுவனம் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு வேறொரு பாடத்தையும் எடுத்துக்கொண்டது. எல்லாப் பொருளையும் சேமிக்கத் தொடங்கவில்லை. மீண்டுவர நீண்டகாலம் பிடிக்கும் கணினிச் சில்லுகள் போன்றவற்றை மட்டும் இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்குக் கையிருப்பாக வைத்திருக்கும்படி வழங்குநர்களைக் கேட்டுக்கொண்டது. 2021இன் தொடக்கத்தில் சில்லுத் தட்டுப்பாட்டால் மற்ற கார் நிறுவனங்கள் ஆலைகளை நிறுத்தியபோது டொயோட்டாவால் சில மாதங்கள் தாக்குப்பிடிக்க முடிந்தது. எதைச் சேமிப்பது, எதைச் சேமிக்க வேண்டாம் என்று பிரித்தறிவதே நிர்வாகம். அப்படிப் பிரிக்கும் வழியை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

*கேள்வி: கஜா புயலில் எங்கள் ஊர் இருபது நாளுக்கு மேல் இருட்டில் கிடந்தது. அடுத்த புயலுக்கு முன் எங்கள் மகளிர் குழு எதையாவது செய்ய விரும்புகிறது. எங்கே தொடங்குவது?*
*– சுயஉதவிக் குழு உறுப்பினர், வேதாரண்யம் வட்டாரம்*

ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுத் தொடங்குங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவி, ஃபோர்டு கார் நிறுவனத்துக்காக வகுத்த ஒரு முறை ஒரு கிராமத்துக்கும் பொருந்தும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்களைக் கேட்க வேண்டும்: அது நின்றுபோனால் மறுபடி வர எத்தனை நாள் ஆகும்? அது இல்லாமல் நம்மால் எத்தனை நாள் தாங்க முடியும்? மீளும் நாள் தாங்கும் நாளைவிட அதிகமாக இருக்கும் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது; மற்றவற்றை அப்படியே விட்டுவிடலாம். ஏன் நிற்கும், புயலா வெள்ளமா வேலைநிறுத்தமா என்று ஆராயத் தேவையே இல்லை என்பது இந்த முறையின் சிறப்பு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் போனதால் மோட்டார் ஓடவில்லை, மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டி நிரம்பவில்லை, செல்பேசிக் கோபுரம் நின்றதால் உதவி கேட்க வழியில்லை, ஏ.டி.எம். நின்றதால் ஜெனரேட்டருக்கு வாடகை கொடுக்கக் கையில் பணமில்லை. தாளில் எழுதினால் குடிநீருக்கு எதிரே மீளும் நாள் இருபது, தாங்கும் நாள் இரண்டு என்று வரும். அப்படியானால் குழுவின் சேமிப்பில் முதலில் வரவேண்டியது பழுதுபார்த்த கைப்பம்புகளும், டீசலோடு சேர்த்து ஒரு பொது ஜெனரேட்டரும், புயல் மாதங்களில் மட்டுமாவது பெட்டியில் இருக்கும் சில ஆயிரம் ரூபாய் ரொக்கமும். அரிசிக்குத் தாங்கும் நாள் பெரும்பாலான வீடுகளில் போதிய அளவு இருக்கும். அதில் பணத்தை முடக்க வேண்டாம். தென்னைக்கு மீளும் காலம் ஆண்டுகளில் வரும். அதற்கு எந்தக் கையிருப்பும் ஈடாகாது. காப்பீடும், இடையில் வருமானம் தரும் ஊடுபயிரும்தான் வழி.

பயிருக்கு ஒரு யோசனை. வேளாண்மைத் துறையினர் பரிந்துரைக்கும் சமுதாய நாற்றங்காலை, குழுவின் பெயரில், மேட்டு நிலத்தில் போடலாம். ஒரே நாளில் விதைக்காமல் இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதைத்தால், நட்ட வயல் மூழ்கி அழுகியவருக்கு ஏற்ற வயதில் நாற்று எப்போதும் கையில் இருக்கும். அதில் ஒரு பகுதிக்கு, சுமார் இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் மீண்டெழும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தை வைத்துக்கொள்ளுங்கள். நாற்றைப் பயன்படுத்த நேராத ஆண்டில் விதைக்கும் உழவுக்கும் செலவான தொகை வீணாகத் தோன்றும். அதை யார் யார் எவ்வளவு ஏற்றுக்கொள்வது என்பதை விதைப்பதற்கு முன்பே குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.